முகவரிப் பள்ளியை விட்டு வேறு பள்ளி: கலிஃபோர்னியாவில் பள்ளி மாவட்டத்துக்குள் இடம் மாறுவது எப்படி

கலிஃபோர்னியாவில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கப் போனால் முதலில் கேட்பது வீட்டு முகவரியைத்தான். முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் விழுகிறதோ அதுவே நம் பள்ளி என்று பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் மாநிலக் கல்விச் சட்டத் தொகுப்பின் 35160.5ஆம் பிரிவு, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் எல்லைக்குள் குடியிருப்பவர்கள் அதே மாவட்டத்தின் இன்னொரு பள்ளியைக் கேட்பதற்கு வழி வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஒரே ஒரு பள்ளி உள்ள சின்ன மாவட்டங்களுக்கும், ஒரே வகுப்பை இரண்டு பள்ளிகளில் நடத்தாத மாவட்டங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. இந்த ஏற்பாட்டை ஓப்பன் என்ரோல்மென்ட் என்றும், இன்ட்ராடிஸ்ட்ரிக்ட் டிரான்ஸ்ஃபர் என்றும் மாவட்டத்துக்கு ஒரு பெயரில் அழைப்பார்கள்.

கேட்பது உரிமை. கிடைப்பது காலி இடத்தைப் பொறுத்தது; இடம் போதாவிட்டால் குலுக்கல். பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போகும் குடும்பங்களில் கணிசமானவர்கள் குலுக்கலில் தோற்றவர்கள் அல்ல; கெடு தேதியைத் தவறவிட்டவர்கள், தவறான படிவத்தில் கேட்டவர்கள், இடம் தருவதாக ஆகஸ்ட் மாதம் வந்த தொலைபேசி அழைப்பை எடுக்காதவர்கள். இந்த மூன்றையும் தவிர்க்க முடியும்.

உங்கள் மாவட்டம் எது?

இங்கே மாவட்டம் என்பது தமிழ்நாட்டு மாவட்டம் போன்றதல்ல. கவுன்ட்டியும் அல்ல, நகராட்சியும் அல்ல. பள்ளிகளை நடத்துவதற்கென்றே தனி எல்லையும், தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும் கொண்ட அமைப்பு அது. மாநிலத்தில் ஏறக்குறைய ஆயிரம் இருக்கின்றன. சான் ஹோசே நகருக்குள் மட்டும் பன்னிரண்டுக்கு மேல். சன்னிவேலில் தெரு மாறினால் மாவட்டமே மாறிவிடும்.

இவற்றில் மூன்று வகை உண்டு: தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மட்டும் நடத்துபவை, உயர்நிலைப் பள்ளிகளை மட்டும் நடத்துபவை, எல்லா வகுப்புகளையும் நடத்தும் யூனிஃபைடு மாவட்டங்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் ஃப்ரீமான்ட். ஃப்ரீமான்ட் யூனிஃபைடு, ஃப்ரீமான்ட் நகரத்தின் மாவட்டம். ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டத்துக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. அது வளைகுடாவின் மறுபக்கம் சன்னிவேல், குபர்ட்டினோ பகுதியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நடத்துவது. அதே பகுதியில் எட்டாம் வகுப்பு வரை நடத்துபவை குபர்ட்டினோ யூனியன் போன்ற வேறு மாவட்டங்கள். எட்டாம் வகுப்பு வரை ஒரு மாவட்டத்துக்குள் நீங்கள் பெற்ற இடமாற்றம், உயர்நிலைப் பள்ளி மாவட்டத்தைக் கொஞ்சமும் கட்டுப்படுத்தாது. ஒன்பதாம் வகுப்பில் மறுபடி வீட்டு முகவரியிலிருந்து தொடங்க வேண்டும்.

முகவரியை மாவட்டத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள பள்ளி தேடும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வீடு விற்கும் தளங்களின் வரைபடம் பழையதாக இருக்கலாம். ஒரே தெருவின் இடப்பக்கம் ஒரு பள்ளிக்கும் வலப்பக்கம் இன்னொன்றுக்கும் போவதும் உண்டு. பிறகு மாவட்டத்தின் சேர்க்கை அலுவலகத்தை அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வீட்டு எண்ணுக்கு எந்தப் பள்ளி? அங்கே என் பிள்ளையின் வகுப்பில் இன்றைக்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள்?

இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நெரிசலான மாவட்டங்களில், எல்லைக்குள்ளேயே குடியிருக்கும் பிள்ளையையும் வகுப்பு நிரம்பிவிட்டது என்று பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஓவர்ஃப்ளோ, ஓவர்லோட் என்பார்கள். நல்ல பள்ளிக்காகவே வாடகை கூடக் கொடுத்து வீடு எடுப்பவர்கள், லீஸில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளையின் பெயர் முகவரிப் பள்ளிக்குத் திரும்பும் பட்டியலில் தானாக ஏறுமா, நாம் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சட்டம் தருவது எவ்வளவு

ஒரு பள்ளியில் உள்ள இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடினால், பாகுபாடற்ற குலுக்கலில்தான் தேர்வு செய்ய வேண்டும். பிள்ளையின் மதிப்பெண்ணையோ விளையாட்டுத் திறமையையோ பார்க்கக் கூடாது. ஆகவே வழக்கமான இடமாற்ற விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியல், ஒலிம்பியாட் சான்றிதழ், ஆசிரியர் பரிந்துரை எல்லாவற்றையும் இணைப்பது வீண் வேலை. ஏற்கெனவே நுழைவு விதி உள்ள சிறப்புப் பள்ளிகளும் திட்டங்களும் விதிவிலக்கு. அங்கேயும் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளையை, வெளியிலிருந்து மாறி வரும் பிள்ளைக்காக வெளியேற்ற முடியாது. நீங்கள் கேட்கும் பள்ளியில் முதல் உரிமை அந்தப் பகுதிக்காரர்களுக்கே. அவர்கள் போக மிஞ்சும் இடம்தான் குலுக்கலுக்கு வரும். மிஞ்சும் இடம் எத்தனை என்பதை மாவட்டம் மனம்போனபடி சொல்லக் கூடாது, சேர்க்கை எண்ணிக்கையையும் இட வசதியையும் வைத்துக் கணக்கிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மேல்முறையீட்டில் கைகொடுப்பது இந்த வரிதான்.

எந்த வகுப்பில் கேட்டால் வாய்ப்பு அதிகம்? டி.கே., அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தைய டிரான்சிஷனல் கிண்டர்கார்டன், முதல் மூன்றாம் வகுப்பு வரை, சராசரியாக வகுப்புக்கு 24 பிள்ளைகள் என்று வைத்திருந்தால் மாநிலம் கூடுதல் பணம் தருகிறது. ஆசிரியர் சங்கத்தோடு வேறு எண்ணிக்கைக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட மாவட்டங்களும் உண்டு. நான்காம் வகுப்பிலிருந்து அந்தக் கட்டுப்பாடு இல்லை, வகுப்பு பெரிதாகும், இடமும் திறக்கும். அதனால் இரண்டாம் வகுப்பில் மூன்று முறை கேட்டுக் கிடைக்காத பள்ளி நான்காம் வகுப்பில் கிடைப்பது அபூர்வமல்ல. கிண்டர்கார்டன், நடுநிலைப் பள்ளி தொடங்கும் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு ஆகியவையும் நல்ல நுழைவுகள். மிகக் கடினமானது ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளில், அதுவும் ஆண்டின் நடுவில் கேட்பது.

எந்தப் படிவத்தில் கேட்பது

இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. காரணம் எதுவாக இருந்தாலும் எல்லோரும் பொதுக் குலுக்கல் படிவத்தையே நிரப்புகிறார்கள். சில காரணங்களுக்குக் குலுக்கலே தேவையில்லை.

பள்ளி பிடித்திருக்கிறது, தாத்தா பாட்டி வீட்டுக்குப் பக்கம், அம்மாவின் அலுவலகம் அந்த வழி: இவையெல்லாம் பொதுக் குலுக்கல். உடன்பிறந்தவர் அங்கே படித்தாலோ, பெற்றோர் அந்தப் பள்ளி மாவட்டத்தின் ஊழியராக இருந்தாலோ பல மாவட்டங்கள் முன்னுரிமை தருகின்றன. உடன்பிறப்பு முன்னுரிமையில் ஒரு நுணுக்கம்: மூத்தவர் வரும் கல்வி ஆண்டிலும் அதே பள்ளியில் இருக்க வேண்டும். இந்த ஜூனில் ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியே போகும் அக்காவை வைத்துத் தம்பிக்கு முன்னுரிமை கேட்க முடியாது.

இருமொழிப் பள்ளி, மேக்னட் (ஒரு குறிப்பிட்ட துறையை மையமாகக் கொண்ட பள்ளி), மாற்றுப் பாடத்திட்டப் பள்ளி போன்றவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனித் தேதி. குபர்ட்டினோ யூனியனில் ஃபாரியா போன்ற பள்ளிகளுக்கு யாரும் குலுக்கல் வழியாகத்தான் போக முடியும். இருமொழித் திட்டங்களில் சேர வேண்டிய வயது டி.கே. அல்லது கிண்டர்கார்டன். அதற்குப் பிறகு அந்த மொழியில் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று சோதித்துத்தான் எடுப்பார்கள்.

பிள்ளைக்கு இப்போதைய பள்ளியில் ஆபத்து இருந்தால், உடலுக்கு அச்சுறுத்தல் என்றாலும் மனநிலை குலைகிறது என்றாலும், மாவட்டம் குலுக்கலைத் தாண்டி இடம் தரச் சட்டத்தில் இடமுண்டு. பெற்றோர் எழுதும் கடிதம் மட்டும் போதாது. காவல்துறை அதிகாரி, சமூகப் பணியாளர், உரிமம் பெற்ற உளவியலாளர், மனநல மருத்துவர் போன்றவர்களில் ஒருவரின் எழுத்துக் கூற்றோ நீதிமன்ற ஆணையோ வேண்டும். கடிதம் எழுதித் தருபவரிடம், பிள்ளையின் நிலையை மட்டும் எழுதாமல், இந்தப் பள்ளியில் தொடர்வது ஏன் கேடு என்பதையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 'பதற்றம் இருக்கிறது' என்ற கடிதம் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பள்ளியையும் பதற்றத்தையும் இணைக்கும் கடிதத்துக்குத்தான் பதில் வரும்.

கேலியும் அடாவடியும், அதாவது புல்லியிங், இதைவிட வலுவான வழி. 46600ஆம் பிரிவின்படி, பிள்ளை புல்லியிங்குக்கு ஆளானது உறுதியானால், மாவட்டம் உள் இடமாற்றத்துக்கு ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். கேட்ட பள்ளி நிரம்பியிருந்தால் வேறு பள்ளிக்குக் கேட்கும் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். அந்த வகுப்புக்கு மாவட்டத்தில் வேறு பள்ளியே இல்லையென்றால், வெளி மாவட்டத்துக்குப் போவதைத் தடுக்கக் கூடாது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனை. பெற்றோர் பள்ளியிடமோ மாவட்டத்திடமோ காவல்துறையிடமோ எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் புகாரின் மேல் விசாரணை நடந்து, அதே மாவட்டத்தின் மாணவர்தான் செய்தார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்கிறோம், முதல்வரை நேரில் பார்க்கிறோம், அவர் கவனிக்கிறேன் என்கிறார், நாமும் நம்பி வந்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து இடமாற்றம் கேட்கும்போது ஒரு தாள்கூட இருக்காது. முதல் சந்திப்பு முடிந்த அன்று இரவே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: தேதி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், நீங்கள் கேட்பது என்ன. 'இதை எழுத்துப்பூர்வமான புல்லியிங் புகாராகக் கொள்ளவும்' என்ற பொருள் வரும் வாக்கியம் அதில் கட்டாயம் இருக்கட்டும். பொட்டு, சாப்பாடு, நிறம், பெயர் பற்றிய கேலி என்றால் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். இன, மத அடிப்படையிலான துன்புறுத்தலைப் பள்ளி வேறு விதமாகக் கையாளக் கடமைப்பட்டிருக்கிறது.

வீடு இழந்த குடும்பங்களுக்குக் கூட்டரசின் மெக்கின்னி–வென்டோ சட்டம் இருக்கிறது. தெருவில் இருப்பவர்களுக்கு மட்டும் அது என்று நினைக்க வேண்டாம். வேலை போய், வாடகை கட்ட முடியாமல், உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் குடும்பமும் அதில் அடங்கும். பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடரலாம். கேட்டால் போக்குவரத்தும் தர வேண்டும். புதிய பள்ளியில் சேர்வதென்றால் ஆவணங்கள் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும். இதற்கென ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பொறுப்பாளர் உண்டு. லியேசான் என்று கேளுங்கள். வேலை நீக்கம் நடந்த மாதங்களில் வெட்கப்பட்டு இதைக் கேட்காமல் விட்டுவிடுபவர்கள் நிறைய. பிள்ளையின் படிப்பு நடுவில் அறுந்து போகாமல் இருக்கவே இந்தச் சட்டம்.

சிறப்புக் கல்வித் திட்டம், அதாவது ஐ.இ.பி., உள்ள பிள்ளைக்குப் பொதுக் குலுக்கலில் கலந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. ஆனால் அவருக்குத் தேவைப்படும் வகுப்பு, கேட்கும் பள்ளியில் நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாச் சிறப்பு வகுப்புகளும் எல்லாப் பள்ளிகளிலும் இருக்காது. விண்ணப்பிக்கும் முன்பே ஐ.இ.பி. குழுக் கூட்டம் ஒன்றைக் கேட்டு, அங்கே இந்தப் பேச்சை எடுப்பது நல்லது.

தேதிகள்

மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். லாஸ் ஏஞ்சலஸ் யூனிஃபைடில் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் அக்டோபரிலேயே திறந்துவிடும். பல மாவட்டங்கள் குளிர்காலத்தில் திறந்து வசந்தத்துக்குள் முடிவைச் சொல்கின்றன. ஆகவே ஆகஸ்ட் 2027இல் சேர வேண்டிய பிள்ளைக்கு, 2026 செப்டம்பரிலேயே தேதிகளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பொங்கல் முடிந்து பார்க்கலாம் என்றால் பல இடங்களில் கதை முடிந்திருக்கும்.

கெடுவுக்குள் வந்த விண்ணப்பங்கள் எல்லாம் குலுக்கலில் சமம். முதல் நாள் நள்ளிரவில் விழித்திருந்து அனுப்புவதால் பயனில்லை. கெடுவுக்குப் பின் வந்தவை, குலுக்கலில் கலந்த அத்தனை பேருக்கும் பின்னால்தான் நிற்கும். கடைசி நாளை மட்டும் நம்ப வேண்டாம். ஆவணம் மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் சரிசெய்ய நேரம் இருக்காது. இரண்டு வாரம் முன்னதாக அனுப்பி, ஒப்புகை எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டர்கார்டனுக்கு செப்டம்பர் 1க்குள் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். டி.கே.க்கு, 2025–26 கல்வி ஆண்டிலிருந்து, செப்டம்பர் 1க்குள் நான்கு. டி.கே. எல்லாப் பள்ளியிலும் நடப்பதில்லை. ஒரு பள்ளியில் டி.கே. படித்த பிள்ளைக்கு அங்கேயே கிண்டர்கார்டன் இடம் உறுதியா, மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விருப்ப வரிசையை எப்படி எழுதுவது

மூன்று பள்ளியை வரிசைப்படுத்து என்று படிவம் கேட்டால், எழுதும் முன் மாவட்டத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இரண்டாவதாக நான் எழுதும் பள்ளியில், அதை முதலாவதாக எழுதியவர்களுக்கு எல்லாம் கொடுத்த பிறகுதான் எனக்கா?'

இல்லை என்றால், மனத்தில் உள்ள வரிசையையே எழுதுங்கள், தந்திரம் தேவையில்லை. ஆம் என்றால் முதல் இடம் விலைமதிப்புள்ளது. 200 பேர் கேட்டு 5 இடம் உள்ள பள்ளியை அங்கே எழுதினால், ஓரளவு கிடைக்கக்கூடிய பள்ளியையும் சேர்த்து இழப்பீர்கள். பாஸ்டன் நகரப் பள்ளிகள் இந்த முதல்-விருப்ப முறையை 2005இல் கைவிட்டதற்குக் காரணமே, விவரம் தெரிந்த பெற்றோர் வரிசையைத் திட்டமிட்டு எழுத, தெரியாதவர்கள் உண்மையை எழுதி ஏமாந்ததுதான். எந்த முறையானாலும் போக விரும்பாத பள்ளியை வரிசையை நிரப்புவதற்காக எழுதாதீர்கள். அது கிடைத்துவிட்டால் சில மாவட்டங்களில் உங்கள் முகவரிப் பள்ளி இடம் போய்விடும். விண்ணப்பித்தாலும் முகவரிப் பள்ளி இடம் பத்திரமாக இருக்குமா, வேறு பள்ளியை ஏற்றால் எந்த நாளில் அது கைநழுவும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் மேக்னட் பள்ளிகளில் புள்ளிக் கணக்கு இருக்கிறது. ஒரு மேக்னட்டில் கடைசி வகுப்பை முடித்து அடுத்த நிலைக்குப் போகும் பிள்ளைக்கு 12 புள்ளி. முந்தைய ஆண்டு காத்திருப்புப் பட்டியலில் இருந்ததற்கு 4. மூன்று ஆண்டு காத்திருந்தால் 12 வரை சேரும். வட்டாரப் பள்ளி நெரிசலானது என்றால் 4. உடன்பிறப்புக்கு 3. இந்தக் காத்திருப்புப் புள்ளி சேரும் விதத்தைத் தெரிந்தவர்கள் சிறு வகுப்பிலிருந்தே விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் இடம் கிடைத்து வேண்டாம் என்று மறுத்தால் சேர்த்த காத்திருப்புப் புள்ளிகள் போய்விடும். விளையாட்டாக விண்ணப்பித்துப் பார்ப்பது அங்கே நஷ்டம். விதிகளை ஆண்டுதோறும் திருத்துவதால், அந்த ஆண்டின் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் இடறும் இடங்கள்

குடியிருப்புக்குச் சட்டம் ஏற்கும் சான்றுகள்: சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம் அல்லது வாடகை ரசீது, மின்சாரம் அல்லது தண்ணீர்க் கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, வாக்காளர் பதிவு, அரசு அலுவலகக் கடிதம், பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம். இவற்றில் இரண்டு மூன்று கேட்பார்கள். கைபேசி ரசீதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. லீஸும் மின்கட்டணமும் அப்பா பெயரில் மட்டும் இருக்க, அம்மா தன் பெயரில் விண்ணப்பம் போட்டால் திரும்பி வரும். யார் பெயரில் ரசீது இருக்கிறதோ அவர் பெயரிலேயே போடுங்கள். அண்ணன் வீட்டில் சேர்ந்து குடியிருந்தால், வீட்டுக்காரரும் சேர்ந்து கையெழுத்திடும் பகிர்ந்த குடியிருப்புப் படிவம் இருக்கும்.

தமிழ்ப் பெயர் வைக்கும் முறை ஒரு தனிச் சிக்கல். பிள்ளையின் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர், அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவின் பெயர். மூன்று பேருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறாகத் தெரியும். பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழை எப்போதும் கூடவே இணைத்துவிடுங்கள். உடன்பிறப்பு முன்னுரிமை கேட்கும்போது மூத்த பிள்ளையின் மாணவர் எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். கணினி எண்ணை வைத்துத்தான் பொருத்தும். பெயரை வைத்துப் பார்த்தால் நம் பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் என்றே தெரியாமல் போகலாம்.

விசாவைப் பற்றி அஞ்ச வேண்டாம். குடியேற்ற நிலையைப் பற்றிய தகவலைப் பள்ளி திரட்டக் கூடாது.

தெரிந்தவர் முகவரியைக் கொடுத்துச் சேர்ப்பதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. உறுதிமொழியில் பொய் சொன்னால் சட்டப்படி குற்றம், கண்டுபிடித்தால் ஆண்டு நடுவில் பிள்ளையை வெளியேற்றுவார்கள். அவமானப்படுவது பிள்ளை. அதே நேரம், உண்மையாகக் குடியிருப்பவர்கள் விசாரணைக்குப் பயப்படவும் வேண்டாம். குறிப்பான காரணம் இல்லாமல் விசாரிக்கக் கூடாது, பிள்ளையை மறைந்திருந்து படமெடுக்கக் கூடாது என்று 48204.2ஆம் பிரிவு மாவட்டங்களைக் கட்டுப்படுத்துகிறது.

இந்தியாவிலிருந்து புதிதாக வரும் பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டையில்தான் நாள் வீணாகும். நம் அரசு மருத்துவமனைகளில் போடுவது தட்டம்மையும் ருபெல்லாவும் சேர்ந்த எம்.ஆர். ஊசி, இங்கே கேட்பது புட்டாளம்மையும் சேர்ந்த எம்.எம்.ஆர். சின்னம்மை ஊசியும் இரண்டு தவணை கேட்பார்கள், அது இந்திய அரசின் அட்டவணையில் இல்லை. சான்ட்டா கிளாரா கவுன்ட்டியில் காசநோய் அபாய மதிப்பீடும் வேண்டும். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட பிள்ளைக்குத் தோல் சோதனை தவறாக வீங்கிக் காட்டலாம். ரத்தச் சோதனை எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மாவட்டச் சேர்க்கை முடியாமல் பல இடங்களில் குலுக்கல் பக்கமே திறக்காது.

கோடையில் தொலைபேசி கையில் இருக்கட்டும்

காத்திருப்புப் பட்டியல் வசந்தத்தில் கொஞ்சம் நகரும். பிறகு அசையாமல் கிடக்கும். பள்ளி திறக்கும் வாரத்திலும் அதை ஒட்டியும் திடீரென்று ஓடும், வராத பிள்ளைகளின் இடங்கள் அப்போதுதான் தெரியவரும் என்பதால். 24 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று அழைப்பார்கள். சில இடங்களில் அதைவிடக் குறைவு.

நம் குடும்பங்கள் ஊருக்குப் போவதும் இந்தக் கோடையில்தான். கலிஃபோர்னியாவின் பிற்பகல் மூன்று மணி, சென்னையில் மறுநாள் அதிகாலை மூன்றரை. அழைப்பு குரலஞ்சலுக்குப் போகும், இடம் அடுத்தவருக்குப் போகும். புறப்படும் முன் செய்ய வேண்டியவை: மாவட்டப் பதிவில் மின்னஞ்சலையும், இங்கேயே இருக்கும் நம்பகமான ஒருவரின் எண்ணையும் சேர்ப்பது, அவர் சார்பாக ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்பது, இல்லையென்றால் இணையப் பக்கத்தின் கடவுச்சொல்லோடு ஊரில் தினமும் ஒருமுறை பார்ப்பது. மின்னஞ்சல் குப்பைப் பெட்டியையும்.

இடம் கிடைத்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முதல் நாளோ முதல் சில நாட்களோ பிள்ளை வராவிட்டால் இடத்தை எடுத்துவிடுவார்கள். விமானச் சீட்டு மலிவு என்று பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து வந்து, ஆண்டு முழுக்கக் காத்திருந்த இடத்தை இழப்பது நடக்கிறது. 'தாமதமாக வருகிறோம், வைத்திருங்கள்' என்ற மின்னஞ்சல் பெரும்பாலும் எடுபடாது.

ஏற்றுக்கொள்ளும் முன்

பேருந்து கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமாற்றம் பெற்ற பிள்ளைக்கு வண்டி தர மாவட்டத்துக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. 2022 ஜூலையிலிருந்து நடுநிலைப் பள்ளி காலை 8.00க்கு முன்பும், உயர்நிலைப் பள்ளி 8.30க்கு முன்பும் தொடங்கக் கூடாது. சில கிராமப்புற மாவட்டங்களுக்கு மட்டும் விலக்கு. இரண்டு பிள்ளைகள் இரண்டு பள்ளி என்றால், ஒரு வேலை நாள் காலையில் உண்மையாகவே ஓட்டிப் பாருங்கள். பள்ளி வாசலில் கார் வரிசையே பத்துப் பதினைந்து நிமிடம் தின்னும்.

அடுத்த நிலைப் பள்ளி எது என்பதை எழுத்தில் கேளுங்கள். பல மாவட்டங்களில், மாறிப் போன தொடக்கப் பள்ளியின் நண்பர்களோடு நடுநிலைப் பள்ளிக்குப் போக முடியாது. பிள்ளை வீட்டு முகவரிக்குரிய பள்ளிக்கே திரும்பும். ஐந்தாம் வகுப்பில் ஓராண்டுக்காக மாற்றுவதில் பெரும்பாலும் பொருளில்லை.

உயர்நிலைப் பள்ளியில் விளையாடும் பிள்ளை என்றால் மாநில விளையாட்டுச் சங்கமான சி.ஐ.எஃப். விதிகளை முதலில் படியுங்கள். ஒன்பதாம் வகுப்பில் முதலில் சேரும் பள்ளியில் தகுதிப் பிரச்சினை இல்லை. அதன்பின் வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால், முந்தைய 12 மாதங்களில் ஆடிய விளையாட்டில் முதன்மை அணிக்கு ஆடக் குறிப்பிட்ட காலம் காத்திருக்க நேரலாம்.

இணையதளங்கள் பள்ளிக்குத் தரும் மதிப்பீட்டு எண்ணைப் பார்த்துப் பள்ளியைத் துரத்த வேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. பத்துக்குப் பத்து என்ற எண் பெரும்பாலும் அந்தப் பகுதிப் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் காட்டுகிறது. மாநிலத்தின் ஸ்கூல் டேஷ்போர்டு இணையதளத்தில், ஒவ்வொரு மாணவர் பிரிவின் முடிவும் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பள்ளிச் சுற்றுப்பயணத்தில் அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் இந்த ஆண்டு புதியவர்கள் என்று கேளுங்கள். உயர்நிலைப் பள்ளி என்றால் கால்குலஸ் எத்தனை பிரிவு நடக்கிறது, கேட்கும் எல்லோருக்கும் இடம் இருக்கிறதா என்று.

இல்லை என்று கடிதம் வந்தால்

உள் இடமாற்றத்தில் மேல்முறையீடு மாவட்டத்தோடு முடியும். ஆகவே ஒரே கடிதத்தில் சரியாகக் கேளுங்கள். மறுப்புக்கான காரணம், அந்த வகுப்பின் கொள்ளளவு, இப்போதைய சேர்க்கை, உங்கள் காத்திருப்பு எண் ஆகிய நான்கையும் எழுத்தில் கோருங்கள். கொள்ளளவு 72, சேர்க்கை 68 என்று பதில் வந்தால், 'நிரம்பிவிட்டது' என்ற காரணத்தைக் கேள்வி கேட்க உங்களிடம் எண் இருக்கிறது. வரப்போகும் வட்டாரப் பிள்ளைகளுக்காக நான்கை ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லலாம். அப்படியென்றால் எந்த நாள் வரை என்று கேளுங்கள். உணர்ச்சிகரமான மூன்று பக்கத்தைவிட இந்த நான்கு வரிகளுக்குப் பதில் வரும்.

மாவட்டத்துக்கு வெளியே போவதென்றால் இன்டர்டிஸ்ட்ரிக்ட் பெர்மிட். குடியிருக்கும் மாவட்டம் விடுவிக்க வேண்டும், போகும் மாவட்டம் ஏற்க வேண்டும். மறுத்தால் 30 நாட்களுக்குள் கவுன்ட்டி கல்வி வாரியத்தில் முறையிடலாம். பெற்றோர் ஒருவர் பள்ளி வாரத்தில் குறைந்தது 10 மணி நேரம் வேறொரு மாவட்ட எல்லைக்குள் நேரில் வேலை பார்த்தால், ஆலன் சட்டத்தின்படி அந்த மாவட்டத்தில் கேட்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது கணக்கில் வராது.

தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளும் கட்டணமில்லாத அரசுப் பள்ளிகளே; இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் பொதுக் குலுக்கல். விண்ணப்பம் மாவட்டத்தோடு சேராது, ஒவ்வொரு சார்ட்டருக்கும் தனித்தனி. இரண்டு பக்கமும் இடம் கிடைத்தால் ஒன்றை உடனே, எழுத்தில் விட்டுக்கொடுங்கள். நீங்கள் பேசாமல் பிடித்துவைத்திருக்கும் அந்த இடத்துக்காக இன்னொரு குடும்பம் ஆகஸ்ட் வரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.